பிளக் பாயின்ட்டுக்குள் இருக்கும் பித்தளை

வீடு கட்டும் குடும்பத்தின் கையில் பணம் வற்றிப்போகிற கட்டத்தில்தான் சுவிட்சும் பிளக் பாயின்ட்டும் வாங்கும் முறை வருகிறது. கம்பி, சிமென்ட், செங்கல், மணல், கதவு, டைல்ஸ் எல்லாம் முடிந்து, பெயின்டர் வருவதற்குச் சற்று முன்னால் எலக்ட்ரீஷியன் ஒரு சீட்டு எழுதித் தருவார். அந்தச் சீட்டோடு எங்கள் ஊரான நாயுடுபேட்டையின் கடைகளுக்குப் போகிறவர்களிடம் கேட்கப்படும் கேள்வி, எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மாறவே இல்லை: கம்பெனி சரக்கா, லோக்கல் சரக்கா? அதற்குள் கடன் ஏறியிருக்கும், கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்திருக்கும். மிச்சம் பிடிக்க முடிகிற கடைசி இடம் இதுதான் என்று தோன்றும். லோக்கலே போதும் என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொன்ன வீடுகளையும், கம்பெனி சரக்குதான் வேண்டும் என்று சென்னைப் பாரிமுனை வரை போய் வாங்கிவந்த வீடுகளையும் இந்த ஊரில் நீண்ட காலமாகப் பார்த்து வருகிறேன். இரு தரப்பும் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கின்றன என்பது என் எண்ணம். வீடு முழுவதற்கும் மலிவா, விலை கூடியதா என்று தீர்மானிப்பது தேவையற்றது. ஒரு வீட்டில் ஐந்தாறு இடங்களில் மட்டும் பிளக் பாயின்ட்டின் தரம் உயிர்ப் பிரச்சினை. அந்த இடங்களில் நாம் காசு கொடுத்து வாங்க வேண்டியது சுவரில் தெரிகிற முகத்தகட்டை அல்ல, அதற்குப் பின்னால் கண்ணில் படாமல் இருக்கும் பித்தளையை.

மலிவுக்காக வாதாடுகிறவர்கள் முதலில் எடுத்துப் போடுவது பழைய வீடுகளைத்தான். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. என் இளமையில் இந்தப் பக்கத்து வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் வயர் ஓடும். தேக்குப் பலகையில் கறுப்போ பழுப்போ நிறத்தில் பேக்லைட் சுவிட்சுகள் குமிழ்போல நிற்கும். மீட்டருக்குப் பக்கத்தில் பீங்கான் கட்டையில் ஃபியூஸ் கம்பி கட்டியிருக்கும். வீட்டுக்கு ஒன்றோ இரண்டோதான் பிளக் பாயின்ட். பிறகு பலகையின் இடத்தில் சன்மைக்கா ஷீட் வந்தது, பியானோ சுவிட்சு வந்தது, சுவருக்குள் பைப் போட்டு வயரை மறைக்கும் வழக்கமும் வந்தது. அந்தப் பழைய பேக்லைட் பாயின்ட்டுகள் முப்பது வருஷம் உழைத்தன, ஒன்றும் எரியவில்லை என்று பெரியவர்கள் சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் அவற்றில் என்ன செருகப்பட்டது என்பதையும் கூடவே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒரு ரேடியோ, ஒரு டேபிள் ஃபேன், பின்னாளில் ஒரு டிவி. 75 வாட் விசிறி 230 வோல்ட்டில் எடுக்கும் மின்னோட்டம் ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்குதான். கனத்த சுமை என்று இருந்தது இஸ்திரிப் பெட்டி ஒன்று. அதுவும் வாரத்துக்குச் சில முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம். அந்தக் காலத்துப் பாயின்ட்டுகளின் தரத்தைப் பற்றி அவற்றின் நீண்ட ஆயுள் நமக்குச் சொல்வது குறைவு. அவற்றிடம் கேட்கப்பட்ட வேலை குறைவாக இருந்தது என்பதைத்தான் அது அதிகம் சொல்கிறது.

கேட்கப்படும் வேலை இப்போது மாறிவிட்டது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. கிழக்கே புலிக்காட் ஏரியும் கடலும் இருப்பதால் புழுக்கமும் கூடவே வரும். வங்கிக் கடனிலோ தவணையிலோ ஒரு ஏசி வாங்கிவிடுவது நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத காரியமாக இல்லை. தெற்கே தடா பக்கத்தில் இருக்கும் ஸ்ரீசிட்டியிலேயே டைக்கின், புளூ ஸ்டார், லாயிட் ஆகியவற்றின் ஏசி ஆலைகள் 2023இல் உற்பத்தியைத் தொடங்கின. அதற்கு முந்தைய வருஷம், 2022இல், ஆங்கர் சுவிட்சுகளைத் தயாரிக்கும் பேனசோனிக் நிறுவனமும் அதே ஸ்ரீசிட்டியில் ஆலை திறந்தது. ஏசியும் அதைச் செருகும் பாயின்ட்டும் ஒரே வட்டாரத்தில், எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே உருவாகும் காலம் இது. ஏசியோடு கீசர் வந்தது, இண்டக்ஷன் அடுப்பு வந்தது, வாஷிங் மெஷின் வந்தது, இப்போது மின்சார ஸ்கூட்டர் இரவெல்லாம் வராண்டாவில் சார்ஜ் ஏறுகிறது. 2000 வாட் கீசர் எடுப்பது 8.7 ஆம்பியர். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர், அதுவும் மணிக்கணக்கில். கோடையில் வோல்டேஜ் விழும்போது நிலைமை இன்னும் மோசமாகும். இன்வெர்ட்டர் வகை ஏசி தனக்கு வேண்டிய வாட்டைக் குறைத்துக்கொள்ளாமல் மின்னோட்டத்தைக் கூட்டி எடுத்துக்கொள்ளும். 230 வோல்ட்டில் 7.8 ஆம்பியர் எடுத்தது 180 வோல்ட்டில் 10 ஆம்பியர் எடுக்கும். பாயின்ட்டுக்குள் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிப்படி ஏறுவது. எனவே அது ஒன்றரை மடங்குக்கும் மேலே போய்விடும்.

இந்த வெப்பம் பிறக்கும் இடத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வாதம் முழுவதும் அங்கேதான் நிற்கிறது. பிளக்கின் முள் பாயின்ட்டுக்குள் போனதும் ஒரு பித்தளைக் குழலோ பட்டையோ அதைக் கவ்விக்கொள்கிறது. இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருப்பதாக நமக்குத் தோன்றினாலும், உண்மையில் அவை சில நுண்ணிய புள்ளிகளில்தான் தொடுகின்றன. மின்சாரம் முழுவதும் அந்தப் புள்ளிகள் வழியாகவே நெருக்கியடித்துப் போக வேண்டும். பிடி இறுக்கமாக இருந்தால் புள்ளிகள் அதிகம், தடை ஓமில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே நிற்கும். பிடி தளர்ந்தால் புள்ளிகள் குறையும், தடை ஏறும், சூடு பிறக்கும். சூட்டில் பித்தளையின் மேல் ஆக்சைடு படியும், அது தடையை இன்னும் ஏற்றும். வில்லாகக் கவ்வி நிற்கும் அந்தப் பித்தளையின் விறைப்பையும் சூடு இளக்கும், பிடி இன்னும் தளரும். இது தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் நோய். கணக்கிலும் பார்த்துவிடலாம். தடை ஓமில் மூன்றில் ஒரு பங்காக ஏறிவிட்ட ஒரு பாயின்ட்டில் அந்த 75 வாட் விசிறியை ஓட்டினால், அங்கே பிறக்கும் வெப்பம் வாட்டில் முப்பதில் ஒரு பங்குதான். ஆயுள் முழுக்க ஒன்றும் தெரியாது. அதே பாயின்ட்டில் கீசரைப் போட்டால் 25 வாட். ரேடியோ மெக்கானிக் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சால்டரிங் அயர்ன் அந்த அளவுதான். அப்படிப்பட்ட சூட்டுக்கோலைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து, சிமென்ட் சுவரில் பதித்து, தினமும் கால் மணி நேரம் மூட்டுகிறோம்.

எம்சிபி இருக்கிறதே என்பது படித்தவர்கள் சொல்லும் ஆட்சேபம். இதைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன், இதற்குத்தான் முழுமையாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். எம்சிபி காவல் காப்பது மின்னோட்டம் அளவுக்கு மீறுவதை. ஷார்ட் சர்க்யூட் ஆனாலோ, ஒரு லைனில் சுமை கூடினாலோ விழுந்து காப்பாற்றும். தளர்ந்த பாயின்ட்டில் நடப்பதோ வேறு. 2000 வாட் கீசரின் சொந்தத் தடை சுமார் 26 ஓம். அதோடு வரிசையில் கால் ஓமோ அரை ஓமோ சேர்ந்தால் மொத்த மின்னோட்டம் கூடாது, ஒரு துளி குறையும். 16 ஆம்பியர் எம்சிபியின் கண்ணுக்கு அது எட்டு ஆம்பியர் சொச்சம் ஓடும் சாதாரண நாள்தான். பாயின்ட் கருகிக்கொண்டிருக்கும்போதும் அது அசையாது. ஆர்சிசிபி இருக்கிறதே என்றால், அது பார்ப்பது வெளியே போன மின்னோட்டம் முழுவதும் திரும்பி வந்ததா என்பதை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழும். அதனால் ஷாக் அடித்து உயிர் போகாமல் காப்பாற்றும். அது மகத்தான கருவி, ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். ஆனால் கருகும் பாயின்ட்டில் போனது முழுவதும் திரும்பி வந்துகொண்டிருக்கிறது, கசிவில்லை. ஆக, நாம் காசு கொடுத்து வைத்த இரண்டு காவலர்களும் பார்க்காத இடம் ஒன்று வீட்டில் இருக்கிறது. பித்தளை உருகி, பிளாஸ்டிக் கரியாகி, ஃபேசும் நியூட்ரலும் ஒட்டிக்கொண்ட பிறகுதான் எம்சிபி விழும். அதற்குள் பக்கத்தில் திரைச்சீலையோ மெத்தையோ இருந்தால் காலம் கடந்துவிட்டது. மறுநாள் செய்தியில் அது மின்கசிவு என்று வரும். கசிவே இல்லாமல், தளர்ந்த பிடியில் பிறந்த சூட்டால் பற்றிய தீயும் அந்த ஒரே பெயருக்குள் அடங்கிவிடுவதால், காரணம் எங்கே இருந்தது என்பதை ஊர் கற்றுக்கொள்ளாமலே போகிறது.

காவலர் இல்லாத இடத்துக்குப் பொருளின் தரமே காவல். தரம் என்பது என்ன என்று கேட்டால், மூன்று விஷயங்களைச் சொல்வேன். கவ்வும் உலோகம், அது தன் விறைப்பை எத்தனை நாள் காப்பாற்றும் என்பது, அதைச் சுமக்கும் பிளாஸ்டிக். நல்ல பாயின்ட்டில் பித்தளை கனமாக இருக்கும். சிலவற்றில் பாஸ்பர் வெண்கலம் போட்டிருப்பார்கள், அது வில்லாகச் செயல்படுவதில் பித்தளையைவிடத் தேர்ந்தது. மலிவுச் சரக்கில் மெல்லிய தகடு இருக்கும், சிலவற்றில் இரும்புத் தகட்டுக்குப் பித்தளை முலாம் பூசியிருப்பார்கள். இரும்பு, பித்தளையைவிட மோசமான மின்கடத்தி. முலாம் தேய்ந்த பிறகு எங்கள் ஊர் ஈரக்காற்றில் துருவும் பிடிக்கும். பிளாஸ்டிக்கிலும் இதே கதை. நல்லதில் தீயை வளர்க்காத பாலிகார்பனேட்டோ யூரியா பிசினோ இருக்கும். மட்டமானதில் எதை எதையோ உருக்கி மறுபடி வார்த்தது இருக்கும். இவற்றையெல்லாம் சோதிக்கத்தான் தரநிர்ணயம் என்ற ஒன்று இருக்கிறது. பிளக்குக்கும் பாயின்ட்டுக்கும் இந்தியாவில் ஐ.எஸ். 1293. சர்வதேச அளவில் இதற்கு இணையான ஐ.ஈ.சி. 60884, பாயின்ட்டில் 5,000 முறை பிளக்கைச் செருகி உருவிப் பார்க்கச் சொல்கிறது. மின்முனையின் சூடு சுற்றுப்புறத்தைவிட 45 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது என்கிறது. மின்பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக்கின் மேல் 850 டிகிரிக்குப் பழுக்கக் காய்ச்சிய கம்பியை அழுத்திப் பார்க்கவும் சொல்கிறது. இந்த 45 டிகிரி எங்கள் ஊருக்கு என்ன பொருள் என்று யோசித்துப் பார்க்கலாம். கோடையில் சுவரே 40 டிகிரியில் இருக்கும். அதோடு 45 சேர்ந்தால் 85. தரமான பொருளே அங்கே தன் எல்லைக்கு அருகில்தான் நிற்கிறது. எந்தச் சோதனையும் பார்க்காத பொருளுக்கு அங்கே இடமே இல்லை.

நம் பிளக்கின் வடிவமே இந்தத் தொல்லையை இன்னும் கூட்டுகிறது. நாம் பயன்படுத்தும் உருண்டை முள் பிளக் 1934இல் வெளியான பி.எஸ். 546 என்ற பிரிட்டிஷ் தரத்திலிருந்து வந்தது. பிரிட்டன் 1947இல் 13 ஆம்பியர் தட்டை முள் பிளக்குக்கு மாறத் தொடங்கியது. பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ், பாயின்ட்டுக்குள் மூடி என்று இரண்டு பாதுகாப்புகளை அதில் கட்டாயமாக்கினார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் நம்மவர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இந்தியா பழைய உருண்டை முள்ளையே வைத்துக்கொண்டது. சின்னதில் முள் 5 மில்லிமீட்டர் தடிமன், பவர் பிளக்கில் 7. உருண்டை முள் உறுதியானதுதான், அதில் குறையொன்றும் இல்லை; லண்டன் நாடக அரங்குகளில் விளக்குகளுக்கு இன்றும் 15 ஆம்பியர் உருண்டை முள்தான். குறை வருவது கலப்பில். செல்போன் சார்ஜருக்கு வரும் இரண்டு முள் ஐரோப்பிய வகை, தடிமன் 4 மில்லிமீட்டர்தான். அது 5 மில்லிமீட்டர் முள்ளுக்காகச் செய்த துளைக்குள் தொளதொளவென்று நிற்கும். பவர் பாயின்ட்டில் பெரிய முள்ளும் சின்ன முள்ளும் போகும்படி செய்த கூட்டு வகையில், ஒரே பித்தளை இரண்டையும் கவ்வ வேண்டியிருந்தால், பெரியது விரித்துவிட்ட வாய் சின்னதைச் சரியாகப் பிடிக்காது. எல்லா நாட்டுப் பிளக்கும் போகும் மல்டி பிளக்கில் இது உச்சத்துக்குப் போகும். எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும் துளை எதையும் இறுகப் பிடிப்பதில்லை. பழைய பிளக்குகளில் முள்ளின் நடுவில் ஒரு பிளவு இருக்கும். பாயின்ட் தளர்ந்தால் அந்தப் பிளவில் பிளேடையோ ஸ்க்ரூ டிரைவரையோ விட்டு அகட்டிச் செருகுவது எங்கள் தலைமுறை அறிந்த வைத்தியம். அது சில நாள் பிடிக்கும், பிறகு பாயின்ட்டின் வாயை இன்னும் விரித்துவிடும்.

இனி விலைக்கு வருகிறேன். கம்பெனி சரக்கு வாங்குகிறவர்களோடு எனக்குக் கருத்து வேற்றுமை இருப்பது இங்கேதான். பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றும் மூன்று நான்கு அடுக்குகளில் சரக்கை விற்கின்றன. அடிமட்ட அடுக்கிலிருந்து மேலே போகப் போக முகத்தகட்டின் பளபளப்பு கூடும், நிறங்கள் கூடும், கண்ணாடி வரும், மரத்தோற்றம் வரும், சுவிட்சு அமுங்கும் ஓசை மென்மையாகும். உள்ளே இருக்கும் பித்தளை அதே அளவுக்கு மேம்படுகிறது என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற பொருளாக இருந்தால் கீழ் அடுக்கும் மேல் அடுக்கும் ஒரே ஐ.எஸ். சோதனையைத்தான் தாண்டியிருக்கின்றன. ஆகவே விலை ஏணியின் முதல் படி, அதாவது முத்திரையில்லாத சரக்கிலிருந்து முத்திரையுள்ள சாதாரணச் சரக்குக்கு ஏறும் படி, பாதுகாப்புக்கானது. அதற்கு மேலுள்ள படிகள் பெரும்பாலும் அழகுக்கானவை. அழகு வேண்டும் என்பவர்கள் வாங்கட்டும், அது அவரவர் விருப்பம். ஆனால் வரவேற்பறையில் விலை உயர்ந்த தகட்டைப் போட்டுவிட்டு, கீசர் இருக்கும் குளியலறைச் சுவருக்கும் கிரைண்டரும் இண்டக்ஷனும் இருக்கும் சமையலறைக்கும் கிடைத்ததைப் போடும் வழக்கத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். வேலை செய்யும் பாயின்ட்டுகள் விருந்தாளி பார்க்காத அறைகளில்தான் இருக்கின்றன. ஏசி, கீசர், அடுப்பு, வாஷிங் மெஷின், ஸ்கூட்டர், இஸ்திரி என்று எண்ணினால் ஆறு. ஒவ்வொன்றிலும் நூற்றைம்பது ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் தொள்ளாயிரம். முப்பத்தைந்தாயிரம், நாற்பதாயிரம் கொடுத்து ஏசி வாங்கும் வீட்டில் இது ஒரு செலவா? மற்ற பாயின்ட்டுகள், விசிறிக்கும் விளக்குக்கும் சார்ஜருக்கும் ஆனவை, முத்திரையுள்ள மிகச் சாதாரணச் சரக்காக இருந்தாலே போதும். அங்கே அதிகம் செலவழிக்கச் சொல்லி நான் யாரையும் கேட்கமாட்டேன்.

எலக்ட்ரீஷியன்கள் சொல்லும் ஆட்சேபம் வலுவானது. பொருள் என்ன பிராண்டாக இருந்தால் என்ன, பின்னால் ஸ்க்ரூ முடுக்குவது கையல்லவா என்பார்கள். இதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். முள்ளுக்கும் பித்தளைக்கும் நடுவே நடக்கும் அதே சூட்டுக் கதை, வயருக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவேயும் நடக்கும். தளர்ந்த ஸ்க்ரூவோடு விடப்பட்ட உயர்ந்த பாயின்ட், நன்றாக முடுக்கிய சாதாரணப் பாயின்ட்டைவிட ஆபத்தானது. பவர் பாயின்ட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், ஏசிக்கு 4 என்ற கணக்கைக் குறைத்துவிட்டால் எந்தப் பாயின்ட்டும் காப்பாற்றாது. ஒரு காலத்தில் செலவைக் குறைக்க அலுமினிய வயர் ஓட்டிய வீடுகள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. அலுமினியம் ஸ்க்ரூவின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி இடம்விட்டுக்கொடுக்கும், அதன் மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும். அந்த வீடுகளில் பாயின்ட்டை மட்டும் மாற்றுவது பாதி வைத்தியம். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் என் வாதம் நிற்கிறது. மலிவுச் சரக்கில் ஸ்க்ரூவின் மரையே மெல்லிசு, கொஞ்சம் அழுத்தி முடுக்கினால் வழுகிவிடும். நல்ல கை இருந்தும் நல்ல வேலை செய்ய முடியாத பொருள் அது. திறமையான எலக்ட்ரீஷியன் எவரும் தன் சொந்த வீட்டில் அதைப் போடுவதில்லை என்பதை இத்தனை வருஷத்தில் கவனித்திருக்கிறேன்.

விலை கொடுத்தாலும் போலி வந்துவிடுகிறதே என்ற கவலையும் நியாயமானதே. பெயர்பெற்ற பிராண்டின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, அதே நிற அட்டைப்பெட்டியில் வரும் சரக்கு எல்லா ஊரிலும் உண்டு. இதற்குப் பதில் பிராண்டை நம்புவதில் இல்லை, முத்திரையைப் படிப்பதில் இருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரையின் மேலே தர எண்ணும், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். பாயின்ட் என்றால் 1293, சுவிட்சு என்றால் 3854. உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால், உரிமம் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று கடை வாசலிலேயே தெரிந்துவிடும். எண்ணே இல்லாமல் முத்திரை மட்டும் அச்சிட்டிருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பிறகு கையால் பார்க்க வேண்டியவை. ஒரு பவர் பிளக்கைக் கடையிலேயே கேட்டு வாங்கிச் செருகிப் பார்க்கலாம். உள்ளே போக ஓர் அழுத்தமும், வெளியே வர ஓர் இழுப்பும் தேவைப்பட வேண்டும். தலைகீழாகப் பிடித்தால் பிளக் தானாக நழுவக் கூடாது. சின்னக் காந்தத் துண்டு ஒன்றைப் பித்தளைக் குழலின் பக்கம் கொண்டுபோனால் ஒட்டக் கூடாது. ஸ்க்ரூ ஒட்டினால் பரவாயில்லை, ஸ்க்ரூ இரும்பாக இருப்பது வழக்கம். துளைகளுக்குப் பின்னால் மூடி இருக்கிறதா என்பதும் முக்கியம், அதிலும் குழந்தை தவழும் வீட்டில். நீளமான எர்த் முள் முதலில் உள்ளே போய் மூடியை விலக்கினால்தான் மற்ற இரண்டுக்கும் வழி திறக்கும். ஆணியையோ கம்பியையோ செருகும் பிஞ்சு விரலுக்கு அந்த மூடிதான் முதல் தடுப்பு.

இருப்பதில் மிகக் கடினமான ஆட்சேபம் ஏழ்மை. தொள்ளாயிரம் ரூபாய் சின்னத் தொகை என்று எழுதுவது எளிது. அரசுத் திட்டத்தில் சொற்ப மானியத்தோடு வீடு எழுப்பும் குடும்பத்துக்கு அது சில நாள் கூலி. அவர்கள் வீட்டில் ஏசியும் கீசரும் இல்லை என்பது என் முதல் பதில். ஓரிரு பவர் பாயின்ட்டுகளை நல்லதாகப் போட்டால் போதும், செலவு முந்நூறைத் தாண்டாது. வாடகை வீடுகளுக்கோ இந்தப் பதில் போதாது. மேனகூரு சிறப்புப் பொருளாதார மண்டலம் வந்த பிறகு, வேலைக்காக வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் நாயுடுபேட்டையில் ஒற்றை அறைகளில் சேர்ந்து தங்குகிறார்கள். அறைக்கு ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதில் மல்டி பிளக், மல்டி பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் ரைஸ் குக்கர், இண்டக்ஷன், நாலு சார்ஜர். பாயின்ட்டை வாங்கியவர் வீட்டுக்காரர், அவர் அங்கே குடியிருப்பதில்லை. ஆபத்தைச் சுமக்கிறவர் வாங்கும் இடத்தில் இல்லை. இந்த இடைவெளியைத் தனிமனிதரின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முத்திரையில்லாத சுவிட்சையும் பாயின்ட்டையும் விற்பது இந்தியாவில் ஏற்கெனவே தடைசெய்யப்பட்ட செயல். சட்டம் இருக்கிறது, கடையில் சரக்கும் இருக்கிறது. புதிய இணைப்பு கேட்டு திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு மின்விநியோக நிறுவனத்திடம் விண்ணப்பிக்கும்போது, மீட்டர் வரையிலான விஷயங்களைப் பார்க்கும் அதே கண் வீட்டுக்குள் இருக்கும் பவர் பாயின்ட்டுகளையும் ஒருமுறை பார்த்தால், வாடகைக்காரரின் சார்பில் பேச ஒருவர் கிடைப்பார். அதுவரை, அறை எடுப்பவர் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்ப்பது போலவே, பாயின்ட்டில் பிளக் இறுகுகிறதா என்றும் செருகிப் பார்த்துவிட வேண்டும். இறுகாவிட்டால் மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஏற்கெனவே கட்டி முடித்த வீடுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஊரில் பெரும்பாலான வீடுகள் அவைதான். எல்லாவற்றையும் பிடுங்கி மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. கீசரோ ஏசியோ அரை மணி நேரம் ஓடிய பிறகு சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, அதன் பிளாஸ்டிக் உடலைத் தொட்டுப் பார்த்தால் போதும். இளஞ்சூடு இயல்பு. விரலை வைத்திருக்க முடியாத அளவு சுட்டால் அந்தப் பாயின்ட்டின் காலம் முடிந்துவிட்டது. துளையைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தாலோ, அறையில் காரணம் தெரியாத மீன் வாடை அடித்தாலோ அன்றைக்கே மெயினை அணைத்து ஆளைக் கூப்பிட வேண்டும். சூடேறிய பிளாஸ்டிக்கும் பிசினும் அப்படித்தான் வாடை விடும். சுவிட்சை அணைத்த பிறகே பிளக்கைப் பிடுங்கும் பழக்கத்தையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் தெறிக்கும் பொறி ஒவ்வொரு முறையும் பித்தளையில் ஒரு சிறு குழியைப் பறிக்கிறது. கடைசியாக, கருகிய பாயின்ட்டைக் கழற்றிப் புதியதைப் போடுகிறவர்கள் பெரும்பாலும் பழைய பிளக்கை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்தப் பிளக்கின் முள் ஏற்கெனவே சூட்டில் கறுத்து, ஆக்சைடு படிந்து, சொரசொரத்துப் போயிருக்கும். எவ்வளவு நல்ல பாயின்ட்டில் செருகினாலும் அது சில மாதங்களில் புதிய பித்தளையையும் கெடுத்துவிடும். எனவே பாயின்ட்டை மாற்றுகிற அன்றே பிளக்கையும் மாற்ற வேண்டும். வயரின் நுனி கறுத்திருந்தால் அந்த அளவுக்கு வெட்டிவிட்டு, பளிச்சென்று செம்பு தெரிகிற இடத்திலிருந்து புதிதாகப் பூட்டச் சொல்ல வேண்டும்.